கருக்கு வைக்காத மட்டிகள்

நோர்வேயின் வடக்கு முனையில், மரம்கூட வளர மறுக்கிற ஒரு கடற்கரையில், மட்டிகளை ஆராய்கிற சின்ன ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அதில் ஒரு குருவும் ஒரு சீடனும் இருந்தார்கள். குருவுக்குச் சீடனைவிட வயது குறைவு. உலகத்தில் அப்படியும் நடக்கும்.

குரு மங்களேஸ்வரி பருத்தித்துறையில் பிறந்தவர். சின்னப் பிள்ளையாக அந்தக் குளிருக்குப் போய், குளிர்கடல் மட்டிகளில் ஒரே ஒரு குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு அதையே படித்துக்கொண்டிருந்தார். சீடன் சேந்தன் பாதி ஆயுளை மீன் தொழிற்சாலையில் கழித்துவிட்டு, மீசை நரைக்கிற வயதில் படிக்க வந்தவன். அவன் அவரை ரீச்சர் என்பான். அவர் அவனை அண்ணை என்பார்.

ஒருநாள் சேந்தன் ஒரு தட்டு நிறைய மட்டிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஒவ்வொன்றும் பெருவிரல் நகமளவு.

"புது வகை, ரீச்சர்."

"எங்கை எடுத்தனீங்கள்?"

"செம்புச் சுரங்கத்துக்குக் கீழ இருக்கிற குடாவில."

"புதுசு எண்டு எப்பிடிச் சொல்லுறியள்?"

ஒரு மட்டியின் இரண்டு ஓடுகளையும் பிணைச்சலில் விரித்துக் காட்டினான். தவிட்டு நிறத் தடித்த தோல், வரிவரியாக மேடு, பிணைச்சலில் பற்கள், எல்லாம் ரீச்சர் படிக்கிற அந்தக் குடும்பத்துக்கு உரியவைதான். ஆனால் அந்தக் கடலில் எல்லோருக்கும் தெரிந்த வகைக்கு ஓட்டின் உள்விளிம்பில் பனைமட்டைக் கருக்குப் போலப் பொடிப்பொடி வெட்டுகள் இருக்கும். இவற்றின் விளிம்போ வழவழவென்று இருந்தது.

"குஞ்சுகளுக்குக் கருக்கு வராது, அண்ணை. வளர்ந்தபிறகுதான் வரும். தெரியும்தானே?"

"தெரியும். ஆனா குடா முழுக்க அள்ளிப் பாத்திட்டன். ஒண்டுக்கும் கருக்கு இல்லை. ஒரு ஊர் முழுக்கப் பிள்ளையளா மட்டும் இருக்குமோ, ரீச்சர்? பெரிசு ஒண்டாவது அம்பிடாதோ?"

ரீச்சர் ஒரு மட்டியை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"என்ன பேர் வைக்கப் போறியள்?" என்று மட்டும் கேட்டார்.

"குமணன். லத்தீனில கடைசியில ஒரு எழுத்துக் கூடும். அவ்வளவுதான்."

குமணன் அவனுடைய தம்பி. போர்க்காலத்தில், பதினாறு வயதில், வீட்டு வாசலில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவந்து விடவில்லை. அம்மா இன்றைக்கும் ஊரில், காணாமல் போன பிள்ளைகளைக் கேட்கிற மற்றத் தாய்மாரோடு வீதியோரத்தில் அவனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சேந்தன் பேர் வைக்கிற கதையை அம்மாவுக்கு அப்போதே தொலைபேசியில் சொல்லியும் விட்டான். அவசரக்குடுக்கை! ஆனாலும் அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

"அது உயிரோட இருக்கிற பிராணிதானே, மோனை?" என்று கேட்டாள் அம்மா.

"ஓம் அம்மா."

"அப்ப வை."

அன்றிலிருந்து தொலைபேசியை எடுத்த எடுப்பில் அம்மா கேட்கிற கேள்வி ஒன்றுதான். வைச்சாச்சோ?

ரீச்சர் தட்டைத் திருப்பி அவன் பக்கம் நகர்த்தினார்.

"ஓட்டில வருச வரியள் இருக்கு. வயது போகப் போக வரி நெருங்கும். வரி நெருங்கின கிழட்டு மட்டி, விளிம்பு இப்பிடி வழவழப்பா, ஒண்டு கொண்டு வாங்கோ. பேர் வைப்பம்."

சேந்தன் போனான். படகில் நின்று கடலடி மண்ணை அள்ளி அள்ளிச் சல்லடையில் அலசினான். விரல்கள் விறைத்து நீலம் பாரித்தன. இலையுதிர்காலம் முடியும்வரை தேடினான். எல்லாம் நகமளவுதான். எதிலும் வரி நெருங்கியிருக்கவில்லை.

"கிழடு ஒண்டும் இல்லை, ரீச்சர். இது சின்னனிலேயே நிண்டுபோற வகை."

ரீச்சர் மூலையில் கிடந்த நீளக் குழாயை எடுத்துக் கொடுத்தார்.

"மேல் மண்ணை அள்ளினது போதும். இதைக் கீழ இறக்குங்கோ."

அவன் குழாயைக் கடலடியில் குத்தி இறக்கி, மண்ணோடு மேலே எடுத்தான். ஆய்வுக்கூட மேசையில் வைத்து நெடுக்காகப் பிளந்தார்கள்.

மேலே நகமளவு மட்டிகள் உயிரோடு கிடந்தன. அதன் கீழே விரல் தடிப்பில் சாம்பல் நிறத் தூள். சுரங்கத்துக்காரர் கல்லை அரைத்து, செம்பை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கடலில் கொட்டுகிற தூள். அதன் கீழே நகமளவு ஓடுகள் ஒரு வரிசை, செத்தவை. மறுபடியும் சாம்பல் தூள். மறுபடியும் நகமளவு ஓடுகள். அடுக்கு அடுக்காக அப்படியே போயிற்று. சேந்தன் ஒவ்வொரு அடுக்கிலும் ஓடுகளை எடுத்து விளிம்பைத் தடவினான். எல்லாம் வழவழப்பு.

எல்லாவற்றுக்கும் அடியில், தூள் படாத கறுத்தச் சேற்றில், பெரிய மட்டிகள் கிடந்தன. வரி நெருங்கியவை. வாய் மூடியபடியே புதைந்திருந்தன. ஒன்றை நெம்பித் திறந்து விரலை வைத்தான். விளிம்பு விரலைக் கடித்தது. கருக்கு.

அந்த ஓட்டைச் சின்ன ஓடுகளின் பக்கத்தில் வைத்தான்.

"பழைய வகைதான்," என்றான்.

"ஓம்."

"இதுகள் ஏன் எழும்பி வரேல்லை?"

"மற்ற மட்டியளுக்கு மூச்சுக் குழாய் இருக்கு. மேல என்ன விழுந்தாலும் குழாயை நீட்டிப் பிழைச்சுக்கொள்ளும். இந்தக் குடும்பத்துக்குக் குழாய் இல்லை. குஞ்சும் மற்றதுகள் மாதிரிக் கடலில மிதந்து வேறை ஊருக்குப் போகாது."

"அப்ப இந்தக் குஞ்சுகள் எங்கால வருது?"

"குடா வாசலில, கல்லிடுக்குக்கை, கொஞ்சத் தாய்மார் தப்பி இருக்கு. அங்கையிருந்து உருண்டு வருது."

"அதுகளுக்குக் கருக்கு இருக்கோ?"

"இருக்கு."

"கருக்கு வைக்க எவ்வளவு காலம் செல்லும்?"

"கன வருசம். அடுத்த முறை தூள் கொட்ட அவ்வளவு வருசம் செல்லாது."

சேந்தன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, சொல்லக்கூடாது என்று தெரிந்தே, சொன்னான்.

"இப்ப உயிரோட இருக்கிறது எல்லாம் வழவழப்புத்தானே, ரீச்சர். குடாவுக்குள்ள கருக்கு வைச்சதை ஆர் கண்டது? அப்பிடியே எழுதி அனுப்புவம். ஒரு பேர்தானே. ஆருக்கு என்ன நட்டம்?"

"பேர் நிக்காது, அண்ணை. பின்னால வாற ஒருத்தன் நாங்கள் செய்த மாதிரிக் கீழ குத்திப் பாப்பான். குமணனை வெட்டிப்போட்டுப் பழைய பேரை எழுதுவான்."

"திரும்பவுமோ?"

ரீச்சர் குனிந்துகொண்டார்.

"அம்மாவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"தம்பியின்ர படம் வைச்சிருக்கிறியளோ?"

சேந்தன் பணப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ரீச்சர் சேற்றுக் கையை மேலங்கியில் துடைத்துவிட்டு வாங்கினார். வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிக்கூடப் பெடியன். மேலுதடு துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"அம்மா பிடிச்சுக்கொண்டு நிக்கிறதும் இந்தப் படம்தான்," என்றான்.

"மீசை இல்லை."

"இனித்தானே அரும்பியிருக்கும். எனக்கும் பதினெட்டிலதான் வந்தது. இருந்திருந்தால் என்னைவிட அடர்த்தியா வைச்சிருப்பான். அப்பாவின்ர சாயல் அவனுக்குத்தான்."

அதைச் சொல்லும்போது அவன் முகம் சற்று மலர்ந்தது. மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

ரீச்சர் படத்தை மேசையில், ஒரு சின்ன மட்டிக்கும் ஒரு பெரிய மட்டிக்கும் நடுவில் வைத்தார்.

"வயது போன குமணனின்ர படம் ஒண்டு கொண்டு வாங்கோ, அண்ணை. பேர் வைப்பம்."