வெயிலை மறைச்ச மாளிகை

நம்ம கடலுக்கும் அந்தப் பக்கம், அதுக்கும் அந்தப் பக்கம் துருக்கின்னு ஒரு தேசம் இருக்கு. அந்தத் தேசத்துல மலைச்சரிவுல ஒரு ஊரு. அந்த ஊருல நஸ்மியேன்னு ஒரு பொம்பளை இருந்தா. புருஷன் இல்ல, பிள்ளை இல்ல, ஒரு சின்ன வீடும் ஒரு பெரிய ஜன்னலும்தான் சொத்து.

அந்த ஊரு வீடெல்லாம் கீழ கல்லு, மேல மரம். மாடி மட்டும் தெருப்பக்கம் முன்னால நீட்டிக்கிட்டு, யாரு வர்றான்னு எட்டிப் பாக்குற மாதிரி நிக்கும். கொலுப்படியில பொம்மை வச்ச மாதிரி ஒண்ணுக்கு மேல ஒண்ணு. கீழ்வீட்டுக் கூரை எங்க முடியுதோ அங்கதான் மேல்வீட்டு ஜன்னல்.

அதனால அங்க ஒரு வழக்கம். மாடி எழுப்புறதுக்கு முன்னால, வீட்டுக்காரன் அந்த உயரத்துக்கு ஒரு கம்பைப் பிடிச்சுக்கிட்டுத் தானே நிக்கணும். மேல்வீட்டுக்காரங்க ஜன்னல்ல இருந்து பாத்து, என் வெயிலுக்குக் கேடில்ல, கட்டிக்கோன்னு சொல்லணும். சொன்னாத்தான் உள்ளூர் ஆசாரி உளியையே தொடுவான்.

நஸ்மியே என்ன பண்ணுவான்னா, தயிரையும் மாவையும் பிசைஞ்சு புளிக்க வச்சு, நம்ம வடாம் காயப்போடுற மாதிரி ஜன்னல்ல துணி விரிச்சுக் காயவச்சு, உதிர்த்து வித்துருவா. குளிர்காலத்துல ஊரே அதைக் கரைச்சுக் கஞ்சி வச்சுக் குடிக்கும். வெயில் இருந்தா அவளுக்குச் சோறு, வெயில் இல்லேன்னா பட்டினி, அவ்வளவுதான்.

(யாரது காலை நீட்டுறது, தண்ணிச் சொம்பு இருக்கு, தட்டி விட்டுராத.)

அவ வீட்டுக்குக் கீழ துர்சுன்னு ஒரு பண்ணையார் இருந்தான். அவனுக்கு ஊருலேயே உசரமா வீடு வேணுமாம். கம்பு பிடிக்கல, யாரையும் கேக்கல, வெளியூர் ஆசாரிகளைக் கூட்டியாந்து ரெண்டு மாடி எழுப்பிட்டான். ஒரு நாள் காலையில நஸ்மியே ஜன்னலைத் திறந்தா, முன்னால பலகைச் சுவருதான் இருக்கு.

அவ கீழ இறங்கிப் போயி, ஐயா, ஒரு முழம் வெயிலாவது விடுங்கய்யான்னு கேட்டா.

"வெயிலு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"ன்னு கேட்டான் அவன்.

ஊருக்கு நியாயம் சொல்றவர்கிட்டப் போனா. அவரு தினமும் பண்ணையார் வீட்டுல சாப்பிடுறவரு. வழக்கத்தை யாரும் எழுதி வைக்கலையேம்மான்னு சொல்லிட்டாரு. இவ போட்ட மாவு மொத நாள் நசநசத்துச்சு, ரெண்டாம் நாள் நாறிச்சு, மூணாம் நாள் பச்சையாப் பூஞ்சை பூத்துருச்சு. அப்புறம் என்ன செய்வா? வயித்துக்காக அந்தப் பண்ணையார் வீட்டு அடுப்படிக்கே சமைக்கப் போனா. பாவம், பாருங்க.

அந்த வீட்டுல அடுப்படிக்கும் ஆம்பளைங்க விருந்துண்ணுற அறைக்கும் நடுச்சுவத்துல சுத்துற அலமாரி ஒண்ணு. இந்தப் பக்கம் சட்டியை வச்சுத் தள்ளினா அந்தப் பக்கம் போய் நிக்கும். சமைக்கிறவ முகம் தெரியாது, ஆனா அங்க பேசுறது இங்க நல்லாவே கேக்கும்.

ஒரு நாள் மூணு சீமையில இருந்து மூணு மேஸ்திரிமாரு விருந்துக்கு வந்தாங்க. பண்ணையார் தன் வீட்டைப் பீத்திக்கிட்டே இருந்தான்.

கருங்கடல் ஓரத்து மேஸ்திரி சொன்னாரு, எங்க ஊருல மழை விடாது, வீடு பூராவும் மரம், தானியக் களஞ்சியம்கூட நாலு கால்ல நிக்கும், எலி ஏறாதுன்னு. மரம் எங்கிட்டயும் இருக்குன்னான் பண்ணையார்.

நடுநாட்டு மேஸ்திரி சொன்னாரு, நாங்க கட்டவே மாட்டோம், பாறையைக் குடைஞ்சு உள்ள போயிருவோம், பிள்ளை பொறந்தா இன்னொரு அறை குடைவோம்னு. குடையிற மாதிரி பாறை இங்க இல்லையேன்னு பண்ணையார் மூஞ்சி சுருங்கிப்போச்சு.

தெற்கத்தி மேஸ்திரி ஹலீல் சொன்னாரு, எங்க ஊருல மரமே கிடையாது, பச்சை மண்ணு செங்கல்லை வளைச்சு அடுக்கிக் கவுத்து வச்ச நெல்லுக் குதிர் மாதிரி வீடு கட்டுவோம், வெளிய அனல் அடிச்சாலும் உள்ள ஜில்லுனு இருக்கும்னு.

"எனக்கும் கட்டு, என் மாடிக்கு மேல," அப்படின்னான் பண்ணையார்.

"மரத்து மேல அது ஏறாதுங்க, பாரம் தாங்காது. மாடியைப் பிரிச்சுட்டுக் கீழ்க் கல்லு மேலதான் உக்கார வைக்கணும். ஆனா உங்க ஊரு மழைக்கு அது ஆகாதுங்க. எங்க ஊருல அத்திப்பூத்தாப்ல பெய்யிற மழைக்கே வருஷா வருஷம் மண்ணு பூசுறோம்."

மாடியைப் பிரிக்கணும்னதும் அலமாரிக்குப் பின்னால நஸ்மியே கையில கரண்டி அப்படியே நின்னுருச்சு. சோத்துச் சட்டியை வச்சுத் தள்ளிட்டு, அதோடயே பேச்சையும் தள்ளினா.

"ஐயா, மேஸ்திரி சொல்றதைக் கேளுங்க, வேண்டாம்யா. இந்தப் பக்கத்துல ராஜாகிட்டகூட அப்படி வீடு இல்ல. ஊர்க்கண்ணு பூரா உங்க மேலதான் விழும்."

ராஜாகிட்டகூட இல்லையான்னு கேட்டான் பாருங்க, அப்பவே அவன் மனசு மண்ணு வீட்டுக்குள்ள போயிருச்சு. ஹலீல் மூணு தரம் மழையைச் சொன்னாரு. இங்க மழையும் என்னைக் கேட்டுத்தான் பெய்யும்னுட்டான்.

மாடி ரெண்டும் இறங்கிச்சு. இறங்கின அன்னைக்கே நஸ்மியே ஜன்னல்ல வெயில் வந்து, எங்க போயிருந்தேன்னு கேக்காதன்னு சொல்ற மாதிரி உக்காந்துக்கிச்சு. இவ அடுப்படி வேலையை விட்டுட்டுத் துணியை விரிச்சுட்டா. கீழ, அவ ஜன்னலுக்கு எட்டாம, அஞ்சு மண் குதிரு எழும்பிச்சு, ஊரே வந்து வேடிக்கை பாத்துச்சு, ஹலீலும் இன்னொரு தரம் மழையைச் சொல்லிட்டு ஊருக்குப் போயிட்டாரு.

அப்புறம் மழை வந்துச்சு. யாரையும் கேக்கல. மொத நாள் குதிரு ஈரமாச்சு, ரெண்டாம் நாள் மூக்கொழுகிச்சு, மூணாம் நாள் பண்ணையார் சோத்துல கையை வைக்கும்போது கூரையே தட்டுல பரிமாறிருச்சு. தாடியெல்லாம் சேறா வெளிய ஓடிவந்தான். உசுருக்கு ஒண்ணும் ஆகல, பயப்படாதீங்க.

குளிர்காலம் கிட்ட வந்துருச்சு. வெளியூர் ஆசாரிகளுக்கு ஆளனுப்பினான். நாங்க கட்டினதைப் பிரிச்சவன் வீட்டுக்கு வரமாட்டோம்னுட்டாங்க. உள்ளூர் ஆசாரிகளைக் கூப்பிட்டான். கம்பைப் பிடிங்க, அப்புறம் உளியைப் பிடிக்கிறோம்னாங்க.

வேற வழி? சேத்துக்குள்ள நின்னு கம்பைப் பிடிச்சுக்கிட்டு மேல பாத்தான்.

"நஸ்மியே அக்கா, இந்த உயரம் போதுமா?"

இவ ஜன்னல்ல சாஞ்சு, துணியைப் பாத்தா, கம்பைப் பாத்தா. "இறக்குங்க"ன்னா. இறக்கினான். "இன்னும் கொஞ்சம்." இறக்கினான். "இன்னும் ஒரு சாண்." அதையும் இறக்கினான்.

"அவ்வளவுதான், கட்டிக்கோங்க. தலையைத் துடைங்கய்யா மொதல்ல, சளி பிடிச்சுக்கப் போகுது"ன்னு சொல்லி, தன் வெயில்ல காஞ்ச மாவைக் கரைச்சு ஒரு கிண்ணம் சூடா கொடுத்தனுப்பினா. அவன் ரெண்டு கையாலயும் வாங்கிக் குடிச்சான்.

அடுத்தவ வெயிலை மறைச்சவன் கூரை அடுத்த மழைக்கு நிக்காது. கம்பும் நின்னுது, மழையும் நின்னுது, கதையும் நின்னுது. போர்வையை இழுத்துப் போத்திக்கோங்க, காத்து சில்லுனு வருது.