மாம்பழக் கூடைப் பரீட்சை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் யோசனை அதிகமாகவும் இருந்த காலத்தில், வீரகண்டன் என்றொரு ராஜா இருந்தான். நாட்டில் போர் கிடையாது, பஞ்சம் கிடையாது. பாவம், அவனுக்குப் பொழுதே போகவில்லை. அதனால் அரசவையில் இருப்பவர்களுக்கெல்லாம் பரீட்சை வைப்பதென்று முடிவு செய்தான்.

அதுவும் லேசுப்பட்ட பரீட்சை இல்லை. தலைமைப் பண்டிதர் அகோரநாதர் எந்தத் தேசத்திலிருந்தோ பிடித்துக்கொண்டு வந்த புது மாதிரி. ஒரு கேள்வி இருக்கும். அதற்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்பதுதான் விடை. கூடவே இரண்டு குறிப்புகள் தருவார்கள். தீர்மானமாக விடை சொல்ல அந்தக் குறிப்புகள் போதுமா, போதாதா என்று எழுத வேண்டும். தேறாதவர்கள் பதவித் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

பண்டிதரின் குறி ஒரே ஒரு தலைப்பாகைமேல்தான். அது அவை விகடகவி காளத்தியுடையது. காளத்தி வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பான்; பண்டிதர் வாயைத் திறந்தால் தூங்கிவிடுவான். இந்த அநியாயத்தை எத்தனை வருஷம்தான் ஒரு மகாபண்டிதர் பொறுத்துக்கொள்வார்? கோமாளிக்குக் கணக்கு எங்கே வரப்போகிறது என்று நினைத்தார். மற்ற பதினேழு வித்துவான்களின் காதிலும் விடையை முன்கூட்டியே போட்டுவைத்தார்.

காளத்திக்கு அப்போது தலைப்பாகை போகக் கூடாத நேரம். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்ததைவிட அவன் தலையிலிருந்த சரிகையைத்தான் அதிகமாகப் பார்த்தார்கள். தலைப்பாகை போனால் சம்பந்தமும் போய்விடும்.

“என்னங்க, அங்க போய் உங்க புத்திசாலித்தனத்தைக் காட்டாதீங்க. எல்லாரும் என்ன எழுதறாங்களோ அதையே எழுதிட்டு வந்துடுங்க. கல்யாணம் முடியட்டும், அப்புறம் எப்படி வேணா பேசிக்கலாம்” என்றாள் மனைவி.

“சரிடி” என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அவையின் நடுவே வாய் கட்டி முத்திரை வைத்த ஒரு மாம்பழக் கூடை இருந்தது. பண்டிதர் எழுந்து கேள்வியைப் படித்தார்.

“இக்கூடையிலுள்ள பழங்களை, ஒன்றையும் வெட்டாமல், இரண்டு மகாராணிகளுக்கும் சமமாகப் பிரிக்க முடியுமா? முதல் குறிப்பு: மும்மூன்றாக அடுக்கினால் ஒரு பழம் மிஞ்சும். இரண்டாம் குறிப்பு: நான்கு நான்காக அடுக்கினாலும் ஒரு பழம் மிஞ்சும்.”

பதினேழு பேரும் நெற்றியைச் சுருக்கினார்கள், தாடியைத் தடவினார்கள், மேலே பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் ‘இரண்டும் போதாது’ என்று எழுதினார்கள். காளத்தியும் அதையே எழுதத்தான் நினைத்தான். கை கேட்கவில்லை. ‘இரண்டாம் குறிப்பு மட்டுமே போதும்’ என்று எழுதிவிட்டது.

ராஜா ஓலையைப் பார்த்தான். “எப்படிப் போதும்?”

“மகாராஜா, முதல் குறிப்பு ஆகாது. நான்கு பழம் இருந்தாலும் ஒன்று மிஞ்சும், ஏழு இருந்தாலும் ஒன்று மிஞ்சும். நான்கு என்றால் சமமாகப் பிரியும், ஏழு என்றால் பிரியாது. அது காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் பேசுகிற சாட்சி. இரண்டாவது அப்படியில்லை. ஒவ்வொரு நான்கையும் இரண்டிரண்டாகக் கொடுத்துவிடலாம். கடைசியில் நிற்கிற ஒற்றைப் பழத்தை என்ன செய்வது? எத்தனை அடுக்கு இருந்தாலும் இதே கதைதான். ஆகவே சமமாகப் பிரிக்க முடியுமா என்றால், இல்லை.”

பண்டிதர் காத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான். “கேட்டீர்களா பிரபு? பிரியாது என்று அவரே சொல்கிறார். கேட்டது நடக்காதபோது குறிப்பு எப்படிப் போதும்? ‘இல்லை’ என்பதும் ஒரு விடையா?”

பதினேழு தலைகளும் ஆடின. அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அந்த அவையில் ராஜாவிடம் ‘இல்லை’ என்று சொல்லும் வழக்கமே கிடையாது. நடக்காத காரியத்துக்கு ‘ஆகட்டும் பிரபு’ என்பார்கள். நடக்கவே நடக்காத காரியத்துக்கு ‘நல்ல நாள் பார்க்கலாம் பிரபு’ என்பார்கள். முப்பது வருஷமாகச் சொல்லாத அந்த வார்த்தையும் ஒரு விடை என்பதையே அவர்கள் மறந்துபோயிருந்தார்கள். ராஜாவும் அதைக் கேட்டுப் பழகியதில்லை.

“பண்டிதர் சொல்வது நியாயமாகத்தான் இருக்கிறது. காளத்தி, தலைப்பாகையைக் கழற்று” என்றான்.

காளத்திக்கு மகள் முகமும் மனைவி சொன்னதும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“கழற்றிவிட்டேன் மகாராஜா. போகுமுன் பண்டிதரிடம் இதே மாதிரியில் ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும்.”

“கேள்.”

“பண்டிதரே, இன்று தாங்கள் இந்தச் சிம்மாசனத்தில் ஏறி உட்காரலாமா? குறிப்பு ஒன்றுதான்: மகாராஜா உயிரோடும் சுகமாகவும் அதில் வீற்றிருக்கிறார். குறிப்பு போதுமா, போதாதா?”

பண்டிதர் மனசுக்குள் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தார். போதும் என்றால் விடை ‘இல்லை’ ஆகிவிடும். ‘இல்லை’ விடையானால் அவர் பரீட்சை கவிழ்ந்துவிடும். போதாது என்றால் அவர் தலையே போய்விடும்.

ராஜா முன்னால் சாய்ந்தான். “சொல்லும் பண்டிதரே. இன்னும் என்ன குறிப்பு வேண்டும் உமக்கு?”

“போதும் பிரபு, இந்தக் குறிப்பே தாராளமாகப் போதும்.”

“விடை?”

“இ… இல்லை பிரபு. உட்காரக் கூடாது.”

முப்பது வருஷத்தில் அந்த அவையில் காளத்தியைத் தவிர வேறோர் உத்தியோகஸ்தர் வாயிலிருந்து வந்த முதல் ‘இல்லை’ அதுதான். ராஜா ஒரு கணம் திகைத்தான். அப்புறம் கிரீடம் ஒரு பக்கம் சரியச் சிரித்தான். கூடையைத் திறந்து எண்ணச் சொன்னான். இருபத்தைந்து பழங்கள் இருந்தன. ராணிகளுக்குப் பன்னிரண்டு பன்னிரண்டு போக, மிஞ்சிய ஒன்றைக் காளத்தி கையில் வைத்து, தலைப்பாகையையும் தானே அவனுக்குச் சூட்டினான்.

“பரிசு போதுமா காளத்தி?”

“இல்லை மகாராஜா.”

வித்துவான்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ராஜாவுக்கோ சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. “இப்போதுதான் ஒரு நேரான விடை கேட்கிறேன். உன் மகள் கல்யாணம் அரண்மனைச் செலவில் நடக்கும். விருந்து பரிமாறப் பண்டிதரையும் அனுப்புகிறேன்” என்றான்.

வைகாசியில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அகோரநாதப் பண்டிதர் மாம்பழப் பச்சடி வாளியோடு பந்தி பந்தியாகக் குனிந்து, ஒவ்வொரு இலையிலும் “போதுமா, போதுமா?” என்று கேட்டுக்கொண்டே போனார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் விடாமல் “இல்லை” என்றார்கள்.