வட்டியில்லா வாசற்படி

முன்னொரு காலத்தில், கடன் வாங்குகிறவனைவிடக் கொடுக்கிறவன் பெரிய கும்பிடாகப் போட்ட ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜா நல்லவர்தான். ஆனால் காலையில் மனதில் ஏதாவது தோன்றிவிட்டால், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் யார் தலையாவது உருளும். ராஜா நல்ல மனநிலையில் இருந்தால் வீடு வாசலோடு போகும்.

அவர் சபையில் அம்பலத்தாடி என்றொரு விகடகவி. வாய் நீளம், சம்பளம் குட்டை. சபையோர் சம்பளமும் அரண்மனைப் பணமும் தனாதிகாரி அனந்தநாரணர் நடத்திய பணக்கடையில்தான் இருந்தன. இருப்பு தீர்ந்த பிறகும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல்பற்று என்று கௌரவமான பெயர். அதற்கு வட்டி என்று கௌரவமில்லாத வால். மகள் கல்யாணத்துக்காக அம்பலத்தாடி நூறு பொன் மேல்பற்று எடுத்திருந்தார். கல்யாண விருந்தாளிகள் எல்லாரும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வட்டி மட்டும் போகாமல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஒரு தீபாவளி கழிந்த மறுநாள், தம் நீராழி மண்டபத்துக்கு எடுத்த மேல்பற்றுக்கு ராஜாவே வட்டி கட்டிவிட்டு, வேப்பங்காய் கடித்த முகத்தோடு சபைக்கு வந்தார்.

"வட்டி கட்டாமல் கடனை அனுபவிக்கும் சாமர்த்தியசாலி நம் நாட்டில் ஒருவராவது உண்டா?" என்று கேட்டார்.

அனந்தநாரணர் எழுந்தார். அவருக்கும் விகடகவிக்கும் இடையே ஒரே சுவர். அந்தச் சுவரை இடித்து, அம்பலத்தாடியின் வீட்டை வண்டிக் கொட்டகையாக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"மகாராஜா, நம் விகடகவி இருக்கையில் வேறு யாரைத் தேடுவது? அடுத்த தீபாவளி வரை நூறு பொன் மேல்பற்றும் குறையக் கூடாது. ஒரு காசு வட்டியும் கட்டக் கூடாது. தோற்றால் அவர் வீடு அடியேனுக்கு."

"நல்ல யோசனை," என்றார் ராஜா. அம்பலத்தாடியின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. ராஜசபையில் அது வழக்கமில்லை.

வீட்டில் மனைவி செங்கமலம் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "ராஜா வெளையாட நம்ம வீடுதானா கெடைச்சுது? நாளைக்கு எம் பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்து நின்னா, வண்டிக் கொட்டாயிலயா பாய் விரிப்பேன்?"

அம்பலத்தாடிக்கு அன்று விகடம் வரவில்லை. பயம்தான் வந்தது.

மறுநாள் அவர் தெருவைக் கடந்தார். அனந்தநாரணர் கடைக்கு எதிர்ச் சாரியில் சொக்கம்மாள் என்பவள் புதிதாகப் பணக்கடை திறந்திருந்தாள். "கணக்கை இங்கே மாற்றிக்கொள்ளும் புது வாடிக்கைக்கு ஆறு மாதம் மேல்பற்றுக்கு வட்டியில்லை" என்று தமுக்கு அடித்துக்கொண்டிருந்தாள். அம்பலத்தாடிக்கு மாலை போட்டு, வெற்றிலை கொடுத்து, நூறு பொன்னையும் கொடுத்தாள். அதை அவர் அனந்தநாரணரிடம் கட்டிக் கணக்கை முடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் சம்பளம் போட்ட இடத்தில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்ததில்லை. கால் வைத்த இடத்தில் மாலை. உலகம் அப்படித்தான்.

ஆறு மாதத்துக்குள் வாடிக்கை குறைந்து, அனந்தநாரணரும் அதே சலுகையைத் தமுக்கடித்தார். கெடு முடிகிற நாளன்று அம்பலத்தாடி சிரித்த முகத்தோடு பழைய கடைக்குப் போனார்.

"வாரும். ஆனால் சலுகை புதியவர்களுக்குத்தான். முன்பு இங்கே கணக்கு வைத்திருந்தவர் எப்படிப் புதியவர் ஆவார்?" என்றார் அனந்தநாரணர். சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த கொத்தனாரிடம் கொட்டகைக்கு எத்தனை தூண் வேண்டும் என்று விசாரித்தார்.

நாளை விடிந்தால் சொக்கம்மாள் கடையில் வட்டி ஏறும். வட்டி ஏறினால் வீடு போகும். அம்பலத்தாடி நேரே அரண்மனைக்கு நடந்தார்.

"மகாராஜா, அனந்தநாரணர் கடையில் தாங்கள் எத்தனை காலமாக வாடிக்கை?"

"என் பாட்டனார் காலம் தொட்டு."

"அதனால்தான் வட்டி கட்டுகிறீர்கள். எதிர்க்கடைக்குத் தாங்கள் புதியவர். இன்று பொழுதுபோக்காக அந்த வாசற்படி வரை வந்து நில்லுங்கள். பல்லக்கு வேண்டாம், கால்நடையாகப் போகலாம்."

அந்த நாட்டில் ஒரு முறை இருந்தது. ராஜா பல்லக்கில் போனால் ஜனங்கள் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். கால்நடையாகப் போனாலோ, கண்ணில் பட்டவர் அத்தனை பேரும் பின்னால் நடந்து, அவர் அரண்மனை திரும்பும்வரை கூடவே இருக்க வேண்டும். அம்பலத்தாடி ராஜாவை நேர்வழியில் கூட்டிப் போகவில்லை. நெசவாளர் தெரு, குயவர் தெரு, சந்தை, படித்துறை என்று ஊரையே சுற்றினார். ராஜாவுக்குக் கால் வலித்தது. ஆனால் சலுகை வாங்கப் போகிறவனுக்குக் கால் வலி தெரியுமா?

கடைத்தெருவில் முதலில் திரும்பியவர்கள் ராஜாவும் அம்பலத்தாடியும் குடைபிடிப்பவனும்தான். கூட்டம் இன்னும் மூலைக்கு அப்பால் வந்துகொண்டிருந்தது.

"வாங்க மகாராசா, புது வாடிக்கைக்கு ஆறு மாசம் வட்டி கெடையாது. குடிக்கு ஒரு சட்டம், ராசாவுக்கு ஒரு சட்டம் எங்கிட்ட இல்லீங்க," என்று சொக்கம்மாள் மாலையோடு எழுந்தாள்.

ராஜா ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். எதிர்க்கடையிலிருந்து அனந்தநாரணர் அதைப் பார்த்தார். அரண்மனைக் கணக்குப் போனால் கடையில் பூட்டு மட்டும்தான் மிஞ்சும். மேல்துண்டு புழுதியில் புரள ஓடிவந்து விழுந்தார்.

"மகாராஜா, வேண்டாம். ஆறு மாதம் என்ன, ஆயுள் முழுதும் தங்கள் மேல்பற்றுக்கு வட்டி கிடையாது."

"மகாராஜாவுக்கு மட்டுமா, கூட வந்தவர்களுக்குமா?" என்றார் அம்பலத்தாடி.

அனந்தநாரணர் பல்லைக் கடித்தார். ஒரு விகடகவி, ஒரு குடைக்காரன். போகட்டும். ராஜாவின் அடுத்த கால் எழும்பிக்கொண்டிருந்தது.

"மகாராஜாவோடு வந்தவர்கள் எல்லாருக்கும்தான்."

அப்போதுதான் கூட்டம் மூலை திரும்பியது. நெசவாளர், குயவர், மீன்காரிகள், சலவை மூட்டையோடு வந்தவர்கள், கொட்டகைக்கு அளவெடுக்க வந்த கொத்தனார்கூட அதில் இருந்தார். தெரு கொள்ளவில்லை.

"நான் சொன்னது இவர்களை அல்லவே," என்று முனகினார் அனந்தநாரணர்.

"என்னோடு வந்தவர்கள் இவர்கள்தாமே, தனாதிகாரி?" என்றார் ராஜா. அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. படியிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்றே அம்பலத்தாடியின் மேல்பற்று பழைய கடைக்கு மாறியது. அடுத்த தீபாவளி வரை அது அங்கே வட்டியில்லாமல் சுகமாகக் கிடந்தது. தீபாவளியன்று ராஜா நூறு பொன் கொடுத்து அந்தக் கடனையும் தீர்த்து, தம் தோளிலிருந்த பட்டையும் போர்த்தினார்.

"ஒன்று மட்டும் புரியவில்லை. உம் வீடு தப்பிக்க நாம் இருவர் போயிருந்தாலே போதுமே. ஊரை ஏன் இழுத்து வந்தீர்?"

"நான் மட்டும் தப்பித்திருந்தால் மகாராஜா, என் வட்டியையும் சேர்த்துத் தனாதிகாரி ஊராரிடம் அல்லவா வாங்கியிருப்பார்?"

ராஜா சிரித்தார். இந்தத் தடவை சபையில் மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார்.