யார் முதலில் டிம் அடிப்பது

வண்டிச் சாவியைக் கேட்கத்தான் வையாபுரி மடத்துக்கு வந்தார். ஞானம் கேட்க வரவில்லை.

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. ஒட்டன்சத்திரம் சந்தையில் முருங்கைக்காய் மண்டி வைத்திருக்கிறார். பன்னிரண்டு வயதில் அதே சந்தைக்கு மூட்டை தூக்க வந்தவர். அடிபட்டு மிதிபட்டு, கத்திப் பேசக் கற்றுக்கொண்டு, முதலாளி ஆனார். பேரத்தில் அவர் முதலில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. எதிராளி இறங்கும்வரை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார். பசித்தாலும் நிற்பார்.

மடத்தில் இருந்த அகிலாண்டம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது. துறவி. ராத்திரி சந்தை கலையும் நேரத்தில் ஒரு பழைய நூறு சி.சி. வண்டியில் வந்து மிஞ்சின காய்களை வாங்கிப் போவார். மறுநாள் மடத்தில் வழிப்போக்கர்களுக்குச் சோறு. வையாபுரி ஆறு வருஷமாக அவரைத்தான் குரு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சாந்தமாக இருந்தால் 'அம்மா' என்பார். கோபம் வந்தால் அது 'அம்மணி' ஆகிவிடும்.

"அம்மணி, சாவியக் குடுங்க."

"எந்தச் சாவிங்க அண்ணா?"

"என் வண்டிச் சாவிதான். எங்கூட்டுக்காரி கொண்டாந்து குடுத்திருக்கா."

"ஆமா. மயிலாத்தாக்கா வந்தாங்க. கையில கட்டோட."

வையாபுரி வேறு பக்கம் பார்த்தார்.

"எத்தனை முள்ளு எடுத்தாங்க?"

"பதினேழுன்னு நர்ஸம்மா சொல்லுச்சு."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்லைங்க."

போன வெள்ளிக்கிழமை ராத்திரி, மூலனூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு அவரும் மயிலாத்தாளும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு வேன். முழு வெளிச்சம். வையாபுரியின் வண்டியில் கம்பெனி விளக்கோடு அவர் தனியாக மாட்டின நாலு விளக்கும் உண்டு. அவரும் குறைக்கவில்லை, வேன்காரனும் குறைக்கவில்லை. கடைசி நிமிஷத்தில் வேன் அவர் மேலேயே வந்தது. ஹேண்டிலை ஒடித்தார். வண்டி வேலிக்கருவேலப் புதருக்குள் போய் நின்றது. பின்னால் இருந்த மயிலாத்தாள்தான் முள்ளில் விழுந்தாள். வேன் நிற்காமல் போய்விட்டது.

மறுநாள் அவள் சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. சாவியை மட்டும் எடுத்தால் இந்த மனுஷன் ஒயரைப் பிடுங்கியாவது ஸ்டார்ட் பண்ணிவிடுவார் என்று தெரியும். வண்டியையே டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து மடத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள்.

அதோ, வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஹேண்டிலில் இன்னும் முள் ஒட்டியிருந்தது.

"சாவிய எத்தனை நாளைக்கு வெச்சிருப்பீங்க?"

"தெரியலையே."

"ஒரு மாசம்?"

அகிலாண்டம்மா கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பூச்சி விழுந்தது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம்.

"ரெண்டு விளக்கக் கழட்டிடறேன். குடுங்க."

"நாலும் இருக்கட்டும்."

"பகல்ல மட்டும் ஓட்டறேன்."

"நான் கேக்கலையே."

வையாபுரிக்கு மூக்கு விடைத்தது. "அட, நீங்களும் ஒரு விலை சொல்லுங்க அம்மணி! நானே ஏத்தி, நானே எறக்கிட்டு இருந்தா அது என்னங்க பேச்சு?"

அவர் சிரித்தார். காயைப் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

வையாபுரி தரையில் உட்கார்ந்தார். கோபம் இறங்கியபோது குரலும் இறங்கியது.

"அம்மா, வண்டிய விட்டுடச் சொல்றீங்களா?"

பகல் முழுக்க எட்டுப் பேர் ஒரே நேரத்தில் அவர் காதில் கத்துவார்கள். அவரும் கத்துவார். சந்தை கலைந்ததும் வேட்டியை மடித்துக் கட்டி வண்டியை எடுத்தால், கள்ளிமந்தையம் வரைக்கும் யாரும் அவரிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். வெங்காயத் தோல் வாடை சட்டையிலிருந்து காற்றோடு கழன்று போகும். சோளக்காட்டு ஓரம் வெதுவெதுப்பு, பாலத்தில் ஏறினால் சில்லென்று முழங்காலுக்கு ஒரு குளிர். எங்கோ பட்டி நாய் குரைக்கும். விளக்கு காட்டுகிற அளவு ரோடு போதும், மீதி உலகம் இல்லாமலே போகட்டும். அந்த முக்கால் மணி நேரம் இல்லையென்றால் அவர் எப்போதோ யாரையாவது அடித்து ஜெயிலுக்குப் போயிருப்பார்.

இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது.

"நான் விட்டுட்டனா?" என்றார் அகிலாண்டம்மா. "சொன்னா சந்தைக்காரங்களே காயைக் கொண்டாந்து போட்டுட்டுப் போவாங்க. ராத்திரியில நானே வண்டிய ஓட்டிட்டு எதுக்கு வர்றேன்னு நினைக்கிறீங்க?"

வையாபுரி நிமிர்ந்து பார்த்தார். ஆறு வருஷத்தில் அவருக்கு அது தோன்றியதே இல்லை.

"வண்டிப் பேச்சை விடுங்க. உங்களுக்குள்ள ஒரு கேள்வி நிக்குது. அதைக் கேளுங்க."

"கேக்கறேன். எதிர்ல வர்றவன் டிம் அடிக்காம நான் எதுக்கு அடிக்கணும்? நான் முதல்ல குறைச்சா நான் தோத்தவன். அவன் என் மூஞ்சியில பிரைட்டை அடிச்சுட்டு ஜம்முனு போவான். அன்னிக்கு அந்த வேன்காரன் வேணும்னே என் மேல ஏத்த வந்தான். என் பக்கத்துக்கே வந்தானுங்க! அவனுக்கு நான் குறைக்கணுமா?"

அகிலாண்டம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். வையாபுரி கையை நீட்டினார். அந்தக் கையில் விழுந்தது வேறொரு சாவி. மடத்து வண்டியின் சாவி.

"ரோட்டுக்குப் போலாம் வாங்க."

மடத்துக்குப் பின்னால் பழைய சாலை. புறவழிச்சாலை திறந்தபிறகு அதில் யாரும் வருவதில்லை. நடுக்கோட்டின் வெள்ளை பாதி உரிந்து கிடந்தது. நன்றாக இருட்டியிருந்தது, நிலா இல்லை.

"நீங்க அந்தப் புளியமரத்துகிட்ட போய்த் திரும்பி வாங்க. நான் இங்கிருந்து வர்றேன். இருபதுக்கு மேல போக வேண்டாம். அவங்கவங்க இடது பக்கம். நேரா வந்தா போதும்."

வையாபுரி மடத்து வண்டியின் விளக்கைப் போட்டுப் பார்த்தார். "இது விளக்குங்களா? மின்மினிப் பூச்சி இதைவிட நல்லா எரியும்."

"அது போதும். போங்க."

அவர் புளியமரம் வரை போய்த் திரும்பினார். தூரத்தில் அவருடைய வண்டி உறுமுவது கேட்டது. சொந்த வண்டியின் சத்தத்தை வெளியே நின்று கேட்பது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு விளக்குகள் எரிந்தன. ஐந்தும் ஒன்றாக.

"யம்மாடி!" என்றார் வையாபுரி. ஆனாலும் கியரைப் போட்டார். கட்டைவிரல் தானாகவே சுவிட்சைத் தேடி பிரைட்டுக்குத் தள்ளியது. மின்மினி வெளிச்சம்தான். இருக்கட்டும். அவங்க குறைக்கட்டும் முதல்ல.

பாதி தூரத்தில் சாலை காணாமல் போனது. ஓரத்து மண், கோடு, தன் கையிலிருந்த ஹேண்டில், எதுவும் இல்லை. ஒரே வெள்ளை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்த வெள்ளையிலிருந்து கண்ணைப் பிடுங்க முடியவில்லை.

"டிம் அடிங்க அம்மணி!"

வெள்ளை பெரிதானது.

"அம்மணி! கண்ணு தெரியலைங்க! டிம் அடிங்க!"

நேராகப் பிடி, நேராகப் பிடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தார். அன்று முதுகுக்குப் பின்னால் மயிலாத்தாளும் இப்படித்தான் கத்தினாள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எதிரே வந்த வேனைப் பார்த்து அவள் கத்தவில்லை. "நீங்களாவது குறைங்க, நீங்களாவது குறைங்க" என்று இவரைப் பார்த்துத்தான் கத்தினாள்.

விளக்கு தணிந்தது.

முன்னால் அகிலாண்டம்மா. வையாபுரி பிரேக்கை அமுக்கினார். வண்டி குலுங்கி, இருமி, நின்றது. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும்.

அவருக்குக் கோபம் வந்தது.

"என்னங்க இது! எம்மேல வந்து ஏத்தப் பாத்தீங்களே!"

அகிலாண்டம்மா எஞ்சினை முன்பே அணைத்திருந்தார். சூடு ஆறுகிற டிக் டிக் சத்தம் கேட்டது. தன் பக்கத்து ஓரத்தில், ஒரு காலை மண்ணில் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். இம்மிகூட நகரவில்லை.

வையாபுரி தன் சக்கரத்தைப் பார்த்தார். அவருக்கு வலது பக்கம் இருக்க வேண்டிய நடுக்கோடு இடது பக்கம் கிடந்தது. அதுவும் எட்டு அடி தள்ளி, பின்னால்.

இறங்கிப் போய் அந்தக் கோட்டைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"நான் நேராத்தானுங்க வந்தேன்."

"ஆமா. நேரா எம்மேலதான் வந்தீங்க."

"அம்மா... நீங்க ஒதுங்கியிருக்கலாமே?"

"எங்க ஒதுங்கறது? இந்த வெளிச்சம் எங்க போகுதோ அங்கதானே நீங்களும் வருவீங்க."

பட்டி நாய் ஒன்று தூரத்தில் குரைத்தது. பாலத்துப் பக்கமிருந்து காற்று வந்தது, குளிர்ந்து. அகிலாண்டம்மா வண்டியை விட்டு இறங்கி, சாவியை உருவி நீட்டினார்.

"இந்தாங்க."

வையாபுரி கையை நீட்டினார். சாவிக்கு ஒரு விரற்கடை முன்னால் அது நின்றுவிட்டது.

"அம்மா, அப்ப... அன்னிக்கு அந்த வேன்காரன்?"

"அவரும் நேராத்தான் வந்திருப்பாரு."