விளக்குக்குப் போர்த்திய பொன்னாடை

கரூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது. தொட்டியின் மேல் பெட்டி மாதிரி ஒரு மூடி. மூடிக்குள் ஒரு குழல்விளக்கும் ஒரு சின்ன விசிறியும் குடியிருந்தன.

இரண்டையும் தன் கையாலேயே பொருத்தியவர் மோகனசுந்தரம், அந்தத் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். விளக்கு கடையில் வாங்கியது. விசிறி, செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது. விளக்கு சீக்கிரம் சூடேறிவிடும் என்று கடைக்காரர் எச்சரித்ததால், மூடியின் மேலே துளைகள் போட்டு, சூட்டை வெளியே தள்ள விசிறியை அங்கே திருகிவைத்தார்.

வருகிறவர்கள் எல்லாரும் விளக்கைத்தான் புகழ்ந்தார்கள். விசிறியைப் பற்றிப் பேச்சு வந்தால், "அது என்ன கொர்ருனு சத்தம்?" என்பதோடு சரி. விசிறிக்கு அதில் வருத்தமே இல்லை என்றால் பொய். ஆனால் அதற்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கம்ப்யூட்டருக்குள் இருந்தபோது, தூசி அடைத்துத் தான் நின்றுபோக, காக்கவேண்டிய பொருள் கண்ணெதிரே கருகியதைப் பார்த்த விசிறி அது. இந்த விளக்காவது பிழைக்கவேண்டும் என்று உயிரைக் கொடுத்துச் சுற்றியது.

ஒரு நாள் மதியம் மோகனசுந்தரம் ஏதோ விழாவிலிருந்து பொன்னாடையோடு வந்தார்.

"பீரோவுல இடமே இல்லீங்க. இத எங்க வைக்கிறது?" என்றாள் மனைவி பூங்கோதை.

"பீரோவுல வச்சா யாரு பாப்பா? சாயங்காலம் சம்பந்தி வர்றாங்க. மீன்தொட்டி மேல விரிச்சு உடு."

"ஓட்டையெல்லாம் மூடிக்குமே? நீங்கதான மெனக்கெட்டுப் போட்டீங்க?"

"துணிதான? அதுல காத்துப் போகாதா!"

பொன்னாடை இறங்கியது. விளக்கு புல்லரித்துப்போனது.

"கண்டாயா தம்பி! என் சேவையைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள்."

"ஐயா, மூச்சு விடற வழியில போர்த்தியிருக்காங்க," என்றது விசிறி. "நான் தள்ளற சூடு திரும்பி உள்ளயே வருது. கொஞ்சம் மங்கி எரிங்க. ஏதோ கோளாறுன்னு துணிய எடுத்துப் பாப்பாங்க."

"பாராட்டு விழாவில் மங்கி எரிவதா? உடம்பெல்லாம் கதகதக்கிறது. மக்களின் அன்பு!"

"அன்பு இல்லீங்க, சூடு. கீழ பாருங்க, மீனெல்லாம் மேல வந்து வாயத் திறக்குது."

"அவையும் வாழ்த்துகின்றன," என்றது விளக்கு.

விசிறிக்கு அழுகையே வந்தது. யாராவது திரும்பிப் பார்க்கட்டும் என்று, தன்னிடம் இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் கடகடவென்று சுற்றியது.

அதற்குள் சம்பந்தி வந்து உட்கார்ந்திருந்தார். மோகனசுந்தரம் விழாவில் தன்னைப் பற்றி யார் யார் என்னென்ன பேசினார்கள் என்று விவரித்துக்கொண்டிருந்தார். சம்பந்தி காதருகே கையை வைத்தார்.

"ஒண்ணுமே கேக்கலீங்களே. என்ன சத்தம் அது?"

"பழைய ஃபேனுங்க சம்பந்தி," என்று மோகனசுந்தரம் எழுந்து போய் விசிறியை மட்டும் அணைத்தார்.

"நல்ல ஜரிகை," என்று சம்பந்தி பொன்னாடையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். விளக்கு பெருமை தாங்காமல் ஜொலித்தது. காபி ஆறுவதற்குள் இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டியது. பிறகு அணைந்தது.

"ஏதோ பொசுங்கற வாசம் வருதுங்களே?"

பூங்கோதை ஓடிவந்து துணியை இழுத்தாள். நல்ல வேளை, மீன்கள் தப்பின.

"இந்த ஃபேனுக்கு ஒரு விளக்கக் காப்பாத்தத் துப்பில்ல," என்றார் மோகனசுந்தரம். நின்றுபோன விசிறி, இரண்டாவது தடவையும் தோற்றுவிட்டோமே என்று உள்ளுக்குள் உடைந்துபோனது.

மறுநாள் கருகிய விளக்கை, பொசுங்கிய அந்தப் பொன்னாடையிலேயே சுற்றிக் கடைக்கு எடுத்துப் போனார். அதே மாதிரி இன்னொரு விளக்கு வந்தது. விசிறியும் சுற்ற ஆரம்பித்தது.

புது விளக்கு தொண்டையைச் செருமிக்கொண்டது. "எனக்கு முன்னால் இருந்தவருக்குப் பொன்னாடை போர்த்தினார்களாமே? எனக்கு எப்போது?"

விசிறி ஒரு சுற்று யோசித்தது.

"கொஞ்சம் பொறுங்க. ஞாயித்துக்கிழமை தலைவருக்கு இன்னொரு பாராட்டு விழா இருக்குது."