கணுவில்லாத இலுப்பை

அணைந்தபெருமாள் செங்கோட்டையில் மரவாடி வைத்திருந்தவர். வெட்டிக் கிடக்கும் மரத்தைக் கையால் தட்டிப் பார்த்தே உள்ளே பொந்து உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். அறுபதைக் கடந்தபின் தொழிலை மகன்களிடம் விட்டுவிட்டு, மலையடிவாரத்து மடத்தில் வந்து சேர்ந்தார். காவி கட்டாமல் கட்டை சாயக் கூடாது என்ற ஆசை ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியிருந்தது.

மடத்தின் தலைவர் ஞானதேசிகர், அணைந்தபெருமாளின் மூத்த மகனைவிட இளையவர். அதனால் அவரை ‘அண்ணாச்சி’ என்றே அழைத்தார். தீட்சை பெற்ற எவரையும் தேசிகர் உறவுமுறை சொல்லி அழைப்பதில்லை. ஆகவே அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம், தாம் இன்னும் வாசற்படியிலேயே நிற்பதாக அணைந்தபெருமாளுக்குத் தோன்றும்.

ஒரு நாள் துணிந்து கேட்டார்.

“எனக்கு எப்போது சாமி தீட்சை?”

தேசிகர் மேற்கே கையைக் காட்டினார். அங்கே வெயில் காயும் பொட்டல் கிடந்தது. ஒரு காலத்தில் அது மடத்தின் இலுப்பைத் தோப்பு. முந்தைய தலைவரிடம் பேசி முடித்து, வெட்டி ஏற்றிச் சென்றவை அணைந்தபெருமாளின் வண்டிகள்தாம்.

“அங்கே ஓர் இலுப்பை வையுங்கள், அண்ணாச்சி. அதன் நிழலை நம்பி ஓர் உயிர் வந்து தங்கட்டும். அன்றைக்குத் தருகிறேன்.”

“இலுப்பை ஆடி அசைந்து வளரும் சாமி. தூங்குமூஞ்சி மரம் வைத்தால் சட்டென்று குடை பிடிக்கும்.”

“இலுப்பைதான்.”

“அதுவரை நான் இருக்க வேண்டுமே.”

“இருக்கப் பாருங்கள்.”

பழம் உதிர்ந்த பருவத்தில், விதையின் ஈரம் காயுமுன் ஊன்றினார். முள் வெட்டி வேலி கட்டினார். கிணற்றிலிருந்து குடத்தில் நீர் சுமந்தார். கன்று முளைத்து இடுப்பளவு வந்ததும் பக்கத்தில் ஒரு கிளை எட்டிப் பார்த்தது. மடியிலிருந்த பேனாக்கத்தியை எடுத்து அதை அடியோடு சீவினார். அடுத்த கிளை வந்தது, அதையும் சீவினார்.

மடத்துச் சமையல்காரர் பொன்னம்பலம் நீர் மொள்ள வரும்போதெல்லாம் இதைப் பார்ப்பார்.

“அண்ணாச்சி, மரத்துக்கு இன்றைக்குச் சவரம் ஆயிற்றா?”

“கிளையை விட்டால் சத்துப் பிரிந்துவிடும், பொன்னம்பலம். நேரே மேலே போனால்தானே குடை விரிக்கும்?”

“என்னவோ, உங்களுக்கு முந்தி இது சாமியாராகிவிடும் போலிருக்கிறது.”

ஆண்டுகள் போயின. இலுப்பை அவர் தலையைத் தாண்டி உயர்ந்தது. உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலை. ஆடு மேய்க்க வந்தவள் ஒருத்தி அதன் அடியில் நின்று பார்த்தாள். பிறகு மடத்துச் சுவரின் நிழலுக்கு நடந்துவிட்டாள். கொண்டைக்குருவி ஒன்று நுனியில் அமர்ந்து, கால் ஊன்றும் முன்பே எழுந்து பறந்தது.

அந்த மழைக்காலத்தில் அணைந்தபெருமாள் காய்ச்சலில் விழுந்தார். எழுந்தபோது வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. நேரே தேசிகரிடம் போனார்.

“மரம் வளர்ந்துவிட்டது. ஓர் உயிரும் வரவில்லை. இப்படியே போய்விடுவேனோ என்று இருக்கிறது, சாமி.”

“இன்று மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்வோம்.”

மரத்தடியில் இலை போட்டார்கள். நிழல் ஒரு கைத்தடியின் நிழலைப்போல் தேசிகரின் தோளில் விழுந்தது. அது நகர்ந்தபோது அவர் இலையை இழுத்துக்கொண்டு தாமும் நகர்ந்தார். தயிர்ச்சோறு வருவதற்குள் இருவரும் மரத்தைக் கால்பங்கு சுற்றி வந்துவிட்டார்கள். பரிமாறிய பொன்னம்பலம் சிரிப்பை அடக்க வாளிக்குள் குனிந்துகொண்டார்.

கை கழுவியபின் தேசிகர் அடிமரத்தைத் தடவிப் பார்த்தார்.

“வழவழவென்று இருக்கிறதே, அண்ணாச்சி.”

அணைந்தபெருமாளின் முகம் மலர்ந்தது.

“கிளை தலைகாட்டியதுமே எடுத்துவிடுவேன் சாமி. அடியிலிருந்து நுனிவரை ஒரு கணு பார்க்க முடியாது.”

“கணு இருந்தால் என்ன?”

“பலகை அறுக்கும்போது அந்த இடத்தில் ஓட்டை விழும்.”

“எந்தப் பலகை?”

அணைந்தபெருமாள் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார்.

பிறகு மடியிலிருந்து கத்தியை எடுத்துத் தேசிகரின் முன்னே வைத்தார்.

“வேறு கன்று வைக்கவா?”

“இதற்கு என்ன குறை? நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும்.”

கத்தியைத் தேசிகர் பொன்னம்பலத்திடம் கொடுத்தார். அது மிளகாய் அரிய உதவிற்று.

நீர் சுமந்ததைவிடச் சும்மா இருந்ததுதான் அணைந்தபெருமாளுக்குப் பெரும்பாடாக இருந்தது. சீவிய வடுக்களிலிருந்து கிளைகள் கோணலும் மாணலுமாகக் கிளம்பின. ஒன்று தரையைத் தொடப் போயிற்று. இலையைப் புழு தின்றது. கை துறுதுறுத்தபோதெல்லாம் அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றி நடந்தார். பிற்பாடு நடக்கக் கோல் வேண்டியிருந்தது. அதனால் ஒரு கைக்காவது வேலை கிடைத்தது.

சில கோடைகளுக்குப் பின் ஒரு நாள், காலையில் போனவர் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. தேடிப் போன பொன்னம்பலம் திரும்பி வந்து தேசிகரின் காதில் ஏதோ சொன்னார். தேசிகர் உள்ளே சென்று மடித்த காவித் துணியை எடுத்துக்கொண்டு மேற்கே நடந்தார்.

அணைந்தபெருமாள் வெயிலில், மரத்தைவிட்டுச் சற்றுத் தள்ளியே உட்கார்ந்திருந்தார். மார்பளவு உயரத்தில், கோணல் கிளையொன்றின் கவட்டையில், கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது.

“எழுந்து குளித்துவிட்டு வாருங்கள், அண்ணாச்சி. தீட்சை.”

“மெல்லப் பேசுங்கள், சாமி. குஞ்சு பொரித்திருக்கிறது. வேலியோரம் பூனை திரிகிறது. இவை பறக்கட்டும், வருகிறேன்.”

“அதுவரை நீங்கள் இருக்க வேண்டுமே.”

“இருக்கப் பார்க்கிறேன்.”

தேசிகர் காவித் துணியை அவர் மடியில் வைத்தார். தாமும் வெயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“குஞ்சு எத்தனை?”

அந்தக் கேள்வியில் ‘அண்ணாச்சி’ என்ற சொல் இல்லை. அதைக் கவனியாமல், கூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், அணைந்தபெருமாள் மூன்று விரல்களை நீட்டிக் காட்டினார்.