புது பம்பும் பழைய தண்ணீரும்

திண்டுக்கல்லில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கார் கழுவுகிறவள் பவுனுத்தாய். மில் அதிபர் நல்லமுத்து தன் பழைய காரை விற்பதற்காக முந்தின நாளே அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். வாங்க வந்தவர் ஆரோக்கியமேரி டீச்சர்.

"லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கே. டைமிங் பெல்ட் ஓடும்போது அறுந்தா இன்ஜினே போயிடுமாமே?"

"பெல்ட், வாட்டர் பம்ப் ரெண்டையும் போன மாசம்தான் சேர்த்து மாத்தினேன் டீச்சர்!"

வாளியோடு நின்ற பவுனுத்தாய், "மாத்தின மாதிரி தெரியலைங்களே" என்றாள்.

அதிபருக்கு மூக்கு சிவந்தது. "வண்டி கழுவுறவளுக்கு இன்ஜின் தெரியுமோ? ஒரு போல்ட்டைக்கூடத் தொடாம நிரூபி பாப்போம். முடியலைன்னா, உன் முதலாளிகிட்டச் சொல்லி இன்னைக்கே உன் வேலைக்கு உலை வைக்கிறேன்!"

"சரிங்கய்யா" என்றவள், ஆறிக் கிடந்த ரேடியேட்டரின் மூடியைக் கையால் திருகித் திறந்தாள். உள்ளே செம்மண் குட்டை போலத் துருத்தண்ணீர்.

"இந்தத் தண்ணியை இன்ஜினுக்குள்ள சுத்த விடுறதே அந்த வாட்டர் பம்புதாங்க. அதைக் கழற்றினா தண்ணி கொட்டிரும், புதுசுதான் ஊத்தணும். உங்க மெக்கானிக் மட்டும் பழசைக் குடத்துல பிடிச்சு வச்சுத் திரும்ப ஊத்தினாருங்களா?"

"அது... ரெண்டையும் அடுத்த மாசம் மாத்தலாம்னு..." என்று இழுத்தார் அதிபர்.

அன்றிலிருந்து அந்தப் பக்கம் யார் பழைய கார் வாங்கினாலும், "பவுனுத்தாய் பார்த்துட்டாளா?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.